எட்டாம் கட்டளையும் எண்பதாயிரம் கலம் நெல்லும்



போன வாரம் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். இப்போது அவள் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். "டீச்சர், பெரியவனுக்கு ஏழு வயசு. வாயைத் திறந்தா பொய்தான். அடிச்சும் பார்த்தாச்சு, சாமி கண்ணைக் குத்தும்னு சொல்லியும் பார்த்தாச்சு. ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்புல நீங்க எங்களுக்கு இதை எப்படிச் சொல்லிக் கொடுத்தீங்க?" என்று கேட்டிருந்தாள்.

உடனே பதில் போடவில்லை. முப்பது வருடம் பள்ளியிலும் கோவிலிலும் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் நான். இருந்தாலும் இந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்வதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. அது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். பேர் சொல்லாமல் எழுத அவளிடம் அனுமதி வாங்கிவிட்டேன். முதலில், நம் பக்கத்து மண்ணில் முந்நூறு வருடமாகக் கிறிஸ்தவர்கள் பிள்ளைகளுக்கு உண்மையைப் பற்றி எப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று பார்ப்போம். பதில் அதற்குள்ளேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

அதற்கும் முன்னால், நம் ஊர்க் கதை ஒன்று. எந்த மதத்துப் பிள்ளையாக இருந்தாலும் காரைக்காலில் பிறந்தால் இந்தக் கதையைக் கேட்காமல் வளர முடியாது. ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுவார்களே, அந்தக் கதைதான். கணவன் பரமதத்தன் இரண்டு மாம்பழம் அனுப்புகிறான். பசியோடு வந்த அடியார் ஒருவருக்குப் புனிதவதி ஒன்றைக் கொடுத்துவிடுகிறார். சாப்பாட்டில் ஒரு பழத்தைத் தின்ற கணவன் அடுத்ததையும் கேட்கிறான். உள்ளே போய் இறைவனை வேண்டுகிறார், ஒரு பழம் கிடைக்கிறது. முதல் பழத்தைவிட இது ருசியாக இருக்கிறதே, எங்கே கிடைத்தது என்று கணவன் கேட்கும்போது அவர் தயங்குகிறார். பிறகு உள்ளதைச் சொல்கிறார். அவன் நம்பவில்லை. அப்படியானால் இன்னொன்று வரவழை என்கிறான்.

இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் படுவது ஒன்று உண்டு. அந்த அம்மையாருக்கு உண்மை சொல்வது கஷ்டமாக இருந்தது, சொன்ன பிறகும் நம்பப்படவில்லை. உண்மை சொல்ல ஒரு வாய் இருந்தால் போதாது, அதைத் தாங்கிக்கொள்ள ஒரு காதும் வேண்டும். சைவப் பெருமக்கள் இதற்கு வேறு உயர்ந்த பொருள் சொல்வார்கள். ஒரு பள்ளிக்கூடத்து டீச்சருக்குத் தோன்றியது இதுதான்.

இனி பக்கத்து ஊருக்குப் போவோம். கோட்டுச்சேரி, பூவம் தாண்டி நண்டலாற்றைக் கடந்தால் பொறையார். அடுத்தது தரங்கம்பாடி. நம் ஊர் 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. தரங்கம்பாடியிலோ அதற்கு நூறு வருடத்துக்கு மேல் முன்பே, 1620-ல், தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதியோடு டேனிஷ்காரர் கோட்டை கட்டிவிட்டார்கள். அந்தக் கடற்கரையில் 1706 ஜூலையில் இரண்டு இளைஞர்கள் கப்பலிலிருந்து இறங்கினார்கள். ஒருவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு, மற்றவர் ஹென்ரிக் புளூட்சோ. அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக். வந்தவர்கள் ஜெர்மானியர்.

சீகன்பால்கு தமிழ் கற்ற விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். வயதான திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரை, உங்கள் பள்ளிக்கூடத்தை எங்கள் வீட்டிலேயே நடத்துங்கள் என்று வேண்டிக்கொண்டார். பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். போதிக்க வந்தவர் முதலில், எனக்கு ஒன்றும் தெரியாது என்று சின்னப் பிள்ளைகள் முன்னால் ஒத்துக்கொண்டார். ஓர் ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய நேர்மை இல்லை. நம்மில் எத்தனை பேர் வகுப்பறையில் தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருக்கிறோம்?

அந்தத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்த நூல்கள் எவை தெரியுமா? நம் தாத்தா பாட்டி காலம் வரை ஓதியவைதான். சீகன்பால்கு 1708-ல் கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். பொய் சொல்லாதே, திருடாதே என்று பிள்ளைக்குச் சொல்ல இந்த மண் எந்தக் கப்பலுக்கும் காத்திருக்கவில்லை. இதை அவரே நன்றாகப் புரிந்துகொண்டார். அப்படியானால் கிறிஸ்தவப் பள்ளி புதிதாக என்ன கொண்டுவந்தது?

அதைப் புரிந்துகொள்ள ஜெர்மனியில் ஹாலே என்ற ஊருக்குப் போக வேண்டும். சீகன்பால்கு கொஞ்ச காலம் அங்கே படித்தவர். அங்கே ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்ற போதகர் இருந்தார். 1695-ல் அவர் வீட்டு உண்டியலில் யாரோ ஏழைகளுக்காகக் கொஞ்சம் பணம் போட்டார்கள். அந்தச் சிறு தொகையை வைத்து ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். அது வளர்ந்து அனாதை இல்லம், பள்ளிகள், அச்சகம், மருந்தகம் என்று ஓர் ஊர் அளவுக்கு ஆனது. பிள்ளைகளை எப்படி வளர்ப்பது என்று பிராங்கே ஒரு சிறு நூல் எழுதினார். சிறு வயதிலேயே மனதில் ஊன்ற வேண்டிய குணங்கள் மூன்று என்றார் அதில். கீழ்ப்படிதலும் உழைப்பும் அந்த மூன்றில் இரண்டு. அவற்றுக்கும் முன்னால் அவர் வைத்தது உண்மையின் மேல் அன்பு.

கவனியுங்கள். பொய்யின் மேல் பயம் என்று சொல்லவில்லை, உண்மையின் மேல் அன்பு என்றார். பயத்தால் வந்த உண்மை, பயம் போனதும் போய்விடும். அன்பால் வந்தது தங்கும். ஹாலேயிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த பள்ளி முறைக்கு அடிப்படை இதுதான். 1707-லேயே தரங்கம்பாடியில் பெண் பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளி தொடங்கியது. லுத்தரின் சிறிய ஞானோபதேசம் தமிழாகி, பிள்ளைகள் பத்துக் கட்டளைகளைத் தமிழிலேயே ஓதினார்கள். 1713-க்குள் தமிழ் எழுத்துகளோடு அச்சகமும் வந்துவிட்டது.

பொய்யைப் பற்றிய கட்டளையைக் கத்தோலிக்கரான நாங்கள் எட்டாவது என்போம், லுத்தரன் சபையாரும் அப்படியே. சி.எஸ்.ஐ. நண்பர்களின் கணக்கில் அது ஒன்பதாவது. ஒரே வகுப்பில் இரு சபைப் பிள்ளைகளும் இருந்தால் இதற்கே ஒரு சண்டை வரும்! எண்ணை விடுங்கள், அதன் பொருளைப் பாருங்கள். அந்தக் கட்டளை மூலத்தில் பேசுவது பொய்சாட்சியைப் பற்றி. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் நின்று அடுத்தவனைச் சிக்கவைக்கும்படி பொய் சொல்லாதே என்பதுதான் அதன் முதல் பொருள். லுத்தர் பிள்ளைகளுக்காக அதை விரித்தபோது, அடுத்தவர் பேரைக் கெடுக்காதே என்பதோடு நிற்கவில்லை. அடுத்தவருக்காகப் பரிந்து பேசு, அவர் செய்ததை நல்லவிதமாகவே எடுத்துக்கொள் என்றும் சேர்த்தார். ஆக, உண்மை என்பது என் நாக்கு சுத்தமா என்ற கணக்கு மட்டும் இல்லை. என் சொல்லால் அடுத்தவர் வாழ்கிறாரா, வீழ்கிறாரா என்பதும்கூட.

இதெல்லாம் புத்தகத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கண் இருக்கிறதே! 1712 முதல் 1714 வரை தரங்கம்பாடி மிஷனரிகள் தமிழர்களிடம் கடிதம் மூலம் கேள்விகள் கேட்டுப் பதில் வாங்கி ஹாலேக்கு அனுப்பினார்கள், அவை அங்கே அச்சாகின. தமிழர்கள் அதில் தாட்சண்யம் பார்க்கவில்லை. உங்கள் வேதம் நன்றாக இருக்கலாம், உங்கள் ஆட்களின் நடத்தை நன்றாக இல்லையே என்றார்கள். குடியும் சண்டையும் ஏமாற்றுமாகத் திரிந்த ஐரோப்பியரை அவர்கள் தினமும் பார்த்தார்கள். பின்னாளில் ஒரு நாட்டியப் பெண்ணிடம் ஒரு மிஷனரி, தூய்மையில்லாதவர் யாரும் மோட்சம் போக முடியாது என்றாராம். அப்படியானால் ஐரோப்பியரில் ஒருவர்கூடப் போக முடியாதே ஐயா என்று அவள் பரிதாபப்பட்டாளாம்! பாடம் ஒரு பக்கம், பெரியவர்கள் இன்னொரு பக்கம் போனால் பிள்ளைகள் எதைக் கற்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த மிஷனரிதான் கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ். தஞ்சாவூர்ப் பக்கம் சுவார்ட்ஸ் ஐயர் என்பார்கள். 1726-ல் பிறந்தவர். ஹாலேயில் படிக்கும்போதே தமிழ் கற்கத் தொடங்கி 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். பிறகு திருச்சி, அதன் பிறகு தஞ்சாவூர். 48 வருடம் இந்த மண்ணில் இருந்து 1798 பிப்ரவரி 13-ஆம் தேதி தஞ்சாவூரில் இறந்தார். நடுவில் ஒருமுறைகூடச் சொந்த ஊர் போகவில்லை. அவர் வாழ்க்கையிலிருந்து மூன்று சம்பவங்களைச் சொல்கிறேன். உண்மையைப் பற்றி நான் படித்த பாடங்களில் இவையே பெரியவை.

முதலாவது 1779-ல் நடந்தது. ஆங்கிலேயக் கம்பெனிக்கும் மைசூர் ஹைதர் அலிக்கும் பகை முற்றிக்கொண்டிருந்த நேரம். கம்பெனி அனுப்பும் தூதர்கள் சொல்வதை ஹைதர் நம்பத் தயாராக இல்லை. அந்தப் பாதிரியாரை அனுப்புங்கள், அவர் என்னை ஏமாற்ற மாட்டார் என்பது அவர் எண்ணம். கம்பெனி சுவார்ட்ஸை ஸ்ரீரங்கப்பட்டினத்துக்கு அனுப்பியது. மொழிபெயர்ப்பாளர் இல்லாமலேயே இருவரும் பேசினார்கள். திரும்பும்போது வழிச் செலவுக்கு என்று ஹைதர் 300 ரூபாய் கொண்ட ஒரு பையைக் கொடுத்தனுப்பினார். சுவார்ட்ஸ் அதைச் சென்னையில் கம்பெனியிடம் ஒப்படைத்தார். அவர்கள், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர் அதைத் தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு முதலாக்கினார்.

இதில் ஒரு வருத்தமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. தூது போனவர் நேர்மையானவர், அனுப்பியவர்கள் அப்படி இல்லை. கம்பெனி எந்தெந்த வாக்கை மீறியது என்று ஹைதர் அடுக்கினார், சுவார்ட்ஸால் அதை மறுக்க முடியவில்லை. அடுத்த வருடமே போர் மூண்டது. ஒரு நல்ல மனிதரின் நற்பெயரைப் பெரிய நிறுவனங்கள் தங்கள் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்வது அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

இரண்டாவது அந்தப் போரில் நடந்தது. 1781 தொடங்கி நம் டெல்டா பட்ட பாடு சொல்லி முடியாது. வயல்கள் எரிந்தன, மதகுகள் உடைந்தன, மாடுகள் போயின, ஜனங்கள் ஓடினார்கள். தஞ்சாவூர்க் கோட்டைக்குள் பசியில் மனிதர் சுருண்டு விழுந்தார்கள். வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. கொண்டுவர வண்டி மாடு இல்லை, இருந்தவர்களும் தரவில்லை. ஏன் தரவில்லை? அதற்கு முன் வாங்கியவற்றுக்குச் சர்க்காரும் கம்பெனியும் பணம் கொடுக்காமல் ஏமாற்றியிருந்தார்கள். ராஜா சொல்லியும் நடக்கவில்லை, கம்பெனி சொல்லியும் நடக்கவில்லை. கடைசியில் சுவார்ட்ஸ் ஊர் ஊராகக் கடிதம் எழுதினார். மாடு கொண்டுவாருங்கள், போரில் செத்துப்போனாலும் அதற்கான பணத்தை என் கையால் நான் தருகிறேன் என்றார். சில நாட்களில் ஆயிரம் மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் போய்ச் சேர்ந்தது. சொன்னபடி எல்லோருக்கும் பணம் கொடுத்தார்.

ஒரு கலம் என்றால் பன்னிரண்டு மரக்கால். என் மாணவர்களில் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பாருங்கள், எத்தனை வயிறு என்று. அந்த நெல்லுக்கு அடமானம் ஒரு மனிதரின் வாய்ச்சொல் மட்டும்தான்.

மூன்றாவது, போர் ஓய்ந்த பிறகு. அதிகாரிகளின் கெடுபிடி தாங்காமல் குடியானவர்கள் ஊரை விட்டே போய்விட்டார்கள். வயல் தரிசாகக் கிடந்தது. திரும்பி வாருங்கள், நியாயம் செய்கிறோம் என்று அரண்மனை சொல்லிப் பார்த்தது. யாரும் அசையவில்லை. ராஜா சுவார்ட்ஸிடம், உங்கள் வாக்கைத்தான் நம்புவார்கள், நீங்கள் அழையுங்கள் என்றார். அவர் அழைத்தார். ஒரே நாளில் ஏழாயிரம் பேர் திரும்பி வந்தார்கள். பருவம் தவறிவிட்டதே, சீக்கிரம் வேலையில் இறங்குங்கள் என்றார் அவர். நீங்கள் எங்களுக்காக நின்றீர்கள், நாங்கள் இராப்பகலாக உழைக்கிறோம் என்று இறங்கினார்கள்.

இந்த மூன்று சம்பவங்களையும் பிள்ளைகளுக்கு வெறும் வீரக் கதையாகச் சொல்லாதீர்கள். ஒரு கேள்வியையும் கேளுங்கள். அந்தக் குடியானவர்கள் ஏன் அதுவரை ஒளிந்துகொண்டார்கள்? அவர்கள் நேர்மையற்றவர்கள் என்பதாலா? இல்லை. வெளியே வந்தால் அடி விழும் என்று தெரியும், அதனால். மறைப்பவனைப் பார்த்துத் திட்டுவதற்கு முன்னால், அவன் எதற்குப் பயந்து மறைக்கிறான் என்று கேட்க வேண்டும். சுவார்ட்ஸ் அவர்களுக்கு நேர்மையைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. வெளியே வருவதற்குப் பயமில்லாத ஓர் இடத்தைத் தன் சொல்லால் உண்டாக்கினார்.

அவர் பள்ளிக்கூடங்களிலும் இதே நியாயம்தான். 1780-களில் தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் ஆங்கிலப் பள்ளிகள் தொடங்க அவர் துணைநின்றார். பெரும்பாலும் இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள். தன் விசுவாசத்தின் மேல் அவருக்கு இருந்த பற்று ஊரறிந்தது. ஆனால் பிள்ளைகளை ஏமாற்றி மதத்துக்கு இழுக்கும் வழி எதுவும் இங்கே கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். சரபோஜி மன்னர் சிறுவராக இருந்தபோது அவரைப் பாதுகாத்தவரும் படிக்க வைத்தவரும் சுவார்ட்ஸே. சரபோஜி கடைசி வரை சைவ வைணவக் கோவில்களைப் போற்றிய இந்து மன்னராகவே இருந்தார். ஆனால் குருவை மறக்கவில்லை. லண்டனில் பிளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் சொல்லி அவர் செய்வித்த சலவைக்கல் சிற்பம் இன்றும் தஞ்சாவூர்ச் சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய தேவாலயத்தில் இருக்கிறது. மரணப்படுக்கையில் சுவார்ட்ஸ், அவர் கையைப் பிடித்தபடி மன்னர், கட்டில் அருகே பள்ளிப் பிள்ளைகள். தஞ்சாவூர் போனால் பெரிய கோவிலைப் பார்த்துவிட்டு அப்படியே இதையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், பக்கத்தில்தான்.

அடுத்து நம்மவர் ஒருவர். டேனிஷ்காரர் 1845-ல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன பிறகு அங்கே முன்சீப்பாக வந்தவர் வேதநாயகம் பிள்ளை. திருச்சி பக்கம் குளத்தூரில் 1826-ல் பிறந்த கத்தோலிக்கர். பிறகு மாயவரத்தில் முன்சீப்பாக இருந்ததால் மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்று பேர் நிலைத்தது. தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதியவர் என்று பத்தாம் வகுப்பில் படித்திருப்பீர்கள். அதற்கு இருபது வருடம் முன்பே, 1859-ல், நீதிநூல் என்று ஒரு செய்யுள் நூல் வெளியிட்டார். பொய், களவு, கைக்கூலி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அதிகாரம் உண்டு. கைக்கூலி என்றால் லஞ்சம்.

அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை நினைத்துப் பாருங்கள். எட்டாம் கட்டளையின் பழைய பொருளே பொய்சாட்சி என்று சொன்னேன் அல்லவா? முன்சீப்பின் மேசைக்கு முன்னால் சாட்சிகள் வந்து நிற்கிற நீதிமன்றம் அது. தாம் தினமும் வேலை செய்த இடத்தின் நோய்க்கு அவர் சிறு வயதிலேயே மருந்து கொடுக்க நினைத்தார். இன்னொன்றும் செய்தார். நீதிமன்றத் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தால் வழக்காடும் ஏழைக்கு என்ன புரியும் என்று அவற்றைத் தமிழில் தொகுத்து வெளியிட்டார். புரியாத மொழியில் உண்மை பேசுவதும் ஒருவகை மறைப்புதான் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். 1876-ல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தில் தம் சொத்தைச் செலவழித்துக் கஞ்சித் தொட்டி வைத்தார். எழுதியதும் வாழ்ந்ததும் ஒன்றாக இருந்ததால்தான் அந்த நூலுக்கு மதிப்பு.

கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு இன்னொரு பள்ளிக்கூடமும் உண்டு, அது பாவசங்கீர்த்தனத் தொட்டி. இப்போது ஒப்புரவு என்கிறோம். 1910-ல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர், ஏழு வயதை ஒட்டிப் பிள்ளைகளை இதற்கும் புதுநன்மைக்கும் தயார் செய்யலாம் என்று வயதைக் குறைத்தார். ஏழு வயதுப் பிள்ளை, தான் செய்ததைத் தன் வாயால் சொல்லக் கற்கிற இடம் அது. அங்கே என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். பிள்ளை உண்மையைச் சொல்கிறது. சொன்னது வெளியே போகாது. அடி இல்லை, திட்டு இல்லை, மன்னிப்பு இருக்கிறது. பிறகு சரிசெய்ய ஒரு சிறு கடமை. பேதுரு மூன்று முறை தெரியாது என்று பொய் சொன்னவர். உயிர்த்த ஆண்டவர் அவரைத் தேடி வந்து, நீ பொய் சொன்னாயே என்று கேட்கவில்லை. என்னை நேசிக்கிறாயா என்று மூன்று முறை கேட்டு, ஒரு பெரிய பொறுப்பைக் கையில் கொடுத்தார். கிறிஸ்தவ வழியில் உண்மையும் மன்னிப்பும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றை மட்டும் வீட்டுக்குள் விட்டு மற்றதை வாசலில் நிறுத்த முடியாது.

இது மதப் பேச்சு மட்டும்தானா என்று படித்த பிள்ளைகள் கேட்பீர்கள். கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் காங் லீ என்பவரும் கூட்டாளிகளும் மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்து 2014-ல் வெளியிட்டார்கள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, முதுகுக்குப் பின்னால் ஒரு பொம்மையை வைத்துவிட்டுப் போவார்கள். பிள்ளைகள் பார்த்துவிடும்! பிறகு கதை சொல்லிவிட்டு, பார்த்தாயா என்று கேட்பார்கள். பொய் சொன்னால் மூக்கு நீளும் பினோக்கியோ கதை, புலி வருது கதை போன்ற ஓநாய்க் கதை, இரண்டும் பலன் தரவில்லை. ஜார்ஜ் வாஷிங்டன் சிறுவனாக மரத்தை வெட்டிவிட்டு ஒத்துக்கொண்டதும் அப்பா அவனை அணைத்துக்கொண்ட கதையைக் கேட்ட பிள்ளைகள்தான் அதிகமாக உண்மை சொன்னார்கள். பயமுறுத்தும் கதை வேலை செய்யவில்லை, உண்மையை வரவேற்ற கதை வேலை செய்தது. இதில் ஒரு வேடிக்கை, அந்த வாஷிங்டன் கதையே வீம்ஸ் என்ற பாதிரியார் கட்டிவிட்ட கற்பனை. உண்மையைச் சொல்லிக் கொடுக்க ஒரு பொய்! நமக்கு அந்தத் தேவை இல்லை. நம்மிடம் நடந்த கதையே இருக்கிறது, 80,000 கலம் நெல்லோடு.

இனி நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததைச் சொல்ல வேண்டும்.

பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கு இன்ஸ்பெக்ஷன் வந்தது. பள்ளியின் பேர் வேண்டாம், தவறு என்னுடையது. பாடம் நடத்தக் காந்தம், பூதக்கண்ணாடி, பூகோள உருண்டை எல்லாம் அடங்கிய ஒரு பெட்டி எங்களிடம் இருந்தது. வந்த நாளிலிருந்து பீரோவுக்குள்ளேயே கிடந்தது. அன்று காலை அதை எடுத்துத் தூசு தட்டி மேசையில் வைத்தேன். "யார் கேட்டாலும் வாரா வாரம் இதை வெச்சுத்தான் டீச்சர் பாடம் நடத்துவாங்கன்னு சொல்லணும்" என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னேன். வந்தவர் இரண்டாவது பெஞ்சில் இருந்த ஒரு சிறுமியிடம் காந்தத்தைக் கொடுத்து, இதை வைத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அவள் எழுந்து நின்று, "தெரியாது சார். இன்னைக்குத்தான் பீரோவுல இருந்து எடுத்தாங்க" என்றாள்.

வந்தவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு ஒரு தண்டனையும் இல்லை. நான்தான் அந்தப் பிள்ளையை வாயாடி என்று திட்டி, சாயங்கால மணி அடிக்கும் வரை வராண்டாவில் முட்டி போட வைத்தேன்.

அடுத்த ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் எட்டாம் கட்டளை. அவளும் முன்வரிசையில் இருந்தாள். "பொய் சொல்லலாமா?" என்று கேட்டேன். எல்லாப் பிள்ளைகளும், "சொல்லக் கூடாது டீச்சர்" என்று கத்தினார்கள். அவள் மட்டும் வாய் திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அவள் கற்றுக்கொண்ட பாடம் என்ன என்று எனக்கு அன்றே தெரியும்.

போன வாரம் குரல் செய்தி அனுப்பியவள் அவள்தான்.

நான் பதில் எழுதவில்லை, போன் செய்தேன். அந்த நாளைச் சொல்லி, நான் செய்தது தப்பு, என்னை மன்னித்துவிடு என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு டீச்சர். நீங்க மறந்திருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள். அன்று அந்த வகுப்பில் இருந்த வேறு சிலரும் இதைப் படிப்பீர்கள். பொய் சொல்லச் சொன்னதற்கு உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதிவைக்கிறேன். பையன் உடைத்தது உனக்குத் தெரிந்திருந்தால், யார் உடைச்சது என்று பொறி வைத்துக் கேட்காதே. உடைஞ்சிருக்கு, வா கூட்டி அள்ளுவோம் என்று தொடங்கு. உண்மையைச் சொல்லிவிட்டான் என்றால் முதலில் அதற்கு நன்றி சொல், பிறகு செய்ததைச் சரிசெய்ய வை. சரிசெய்வது வேறு, தண்டிப்பது வேறு. சாமியைப் போலீஸ்காரர் ஆக்காதே. கடன்காரர் வந்தால் அப்பா வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்லாதே. பீச்சுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொன்னால் கூட்டிப்போ, முடியாவிட்டால் முடியவில்லை என்று அவனிடம் வருத்தம் சொல். ஏழு வயதுப் பிள்ளை பொய் சொன்னால் அவன் கெட்டுப்போனான் என்று அர்த்தமில்லை, எதற்கோ பயப்படுகிறான். எதற்கு என்று கண்டுபிடி. பெரும்பாலும் அது நாமாகத்தான் இருப்போம்.

நேற்று அவள் மறுபடி செய்தி அனுப்பினாள். பையன் தண்ணீர் பாட்டிலைத் தொலைத்துவிட்டானாம், ஸ்கூல் விட்டு வந்ததும் வாசலிலேயே நின்று தானாகச் சொன்னானாம். "திட்டல டீச்சர். ரொம்ப கஷ்டப்பட்டு வாயை மூடிக்கிட்டேன்" என்று எழுதியிருந்தாள். அவளுக்கு நூற்றுக்கு நூறு மார்க் போட்டுவிட்டேன்.

நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த விடுமுறையில் ஊருக்கு வரும்போது பிள்ளைகளைத் தரங்கம்பாடிக்கு அழைத்துப் போங்கள், கோட்டையைப் பார்க்கட்டும். அந்தக் கடற்கரை மணலில் விரலால் அ, ஆ எழுதச் சொல்லுங்கள். முந்நூறு வருடம் முன்னால் பெரிய மனிதர் ஒருவர், எனக்குத் தெரியாது என்று சொல்லி இப்படித்தான் தொடங்கினார் என்று சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகளும், நீங்களும், உண்மை சொல்லி நிம்மதியாகத் தூங்கிய நாள் ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்